மியூனிக் நகரில் முதல் ஆறு வாரங்கள்

ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்குகின்றன. அதையொட்டிய வாரங்களில் நம் கிளைகளுக்கு வரும் பெற்றோர் சிலரிடம் ஒரே ஐயம் காணப்படும். ஏறத்தாழ 12 லட்சம் ரூபாயை முன்கூட்டியே செலுத்தியாகிவிட்டது. பிள்ளை போய்ச் சேர்ந்து இரண்டு வாரமும் ஆகிவிட்டது. ஆயினும் கையில் பணமில்லை என்று தொலைபேசியில் சொல்கிறது. அவ்வளவு பணமும் எங்கே போயிற்று?

எங்கும் போய்விடவில்லை. பிள்ளையின் பெயரிலேயே, ஜெர்மனியிலேயே இருக்கிறது. ஆனால் அது கைக்கு வருவதற்கு அந்நகரில் ஒரு முகவரி வேண்டும். அயல்நாட்டுக் கல்வி குறித்த அறிவுரைகள் பெரும்பாலும் விசாவோடு முடிந்துவிடுகின்றன. விமானத்திலிருந்து இறங்கிய பின் வரும் ஆறு வாரங்களைப் பற்றி எவரும் விரிவாகச் சொல்வதில்லை. குடும்பத்தின் சேமிப்பு வீணாவதும் பிள்ளை மனம் சோர்வதும் பெரும்பாலும் அந்த ஆறு வாரங்களில்தான். மியூனிக் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம். லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகமும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமைந்த நகரம் அது. வாடகையில் ஜெர்மனியிலேயே மிகக் கடினமான நகரமும் அதுவே. அங்குச் சமாளித்தவருக்குப் பிற ஜெர்மன் நகரங்கள் எளிது.

முதலில் அந்தப் பணத்தின் கணக்கைப் பார்ப்போம். மாணவர் விசா பெறுவதற்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகை கையிருப்பில் உள்ளதென்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. இதைப் பலரும் ஷ்பெர்கோண்டோ எனப்படும் முடக்கக் கணக்கில் செலுத்துகின்றனர். பெயருக்கேற்ப அப்பணம் முடக்கப்பட்டே இருக்கும். மாதத்துக்கு 992 யூரோ வீதம் மட்டுமே விடுவிக்கப்படும். அந்த முதல் 992 யூரோவும் தானாக வருவதில்லை. மாணவர் ஜெர்மனியை அடைந்து, தம் பெயரில் ஒரு நடப்புக் கணக்கைத் திறந்து, அதன் எண்ணை முடக்கக் கணக்கு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நடப்புக் கணக்கைத் திறக்கப் பல வங்கிகள் நகராட்சியின் முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கும். அச்சான்றைப் பெற நிலையான முகவரி வேண்டும். வீடு பிடிக்கவோ, முன்பணம் கட்ட வேண்டும். பணமோ முடக்கக் கணக்கில் இருக்கிறது!

இந்தச் சுழலுக்குள் அகப்படாமல் இருக்க ஒரே வழி, அதற்கு வெளியே ஒரு சிறு தொகையை வைத்திருப்பதுதான். முடக்கக் கணக்கைத் தவிர, உடனடியாகச் செலவிடத்தக்க 2,000 முதல் 2,500 யூரோ வரை அந்நியச் செலாவணி அட்டையிலும் சிறு பகுதி ரொக்கமாகவும் இருப்பது நலம் என்பது நம் கருத்து. இது மிகையன்று. பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கு மியூனிக்கில் மாதம் 700 முதல் 800 யூரோ வரை கேட்பது வழக்கம். ஜெர்மனியில் வாடகையை இரு விதமாகச் சொல்வார்கள். அறைக்கு மட்டும் உரியது 'குளிர் வாடகை'; வெப்பமூட்டல், தண்ணீர் முதலியவற்றுக்கான மாதாந்தரத் தொகையும் சேர்ந்தது 'சூடான வாடகை'. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பணமாக மூன்று மாதக் குளிர் வாடகை வரையில் கேட்கச் சட்டம் இடமளிக்கிறது. அதே சட்டம் அம்முன்பணத்தை மூன்று சம மாதத் தவணைகளில் செலுத்தும் உரிமையையும் குடியிருப்பவருக்குத் தருகிறது. பலர் இதை அறியாமல் முழுத் தொகையையும் ஒரே நாளில் கட்டிவிட்டுக் கைப்பிசைந்து நிற்கின்றனர்.

அறையைக் கண்ணால் பாராமல் பணம் அனுப்புவது அறவே கூடாது. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று எழுதும் வீட்டுக்காரர் மோசடிக்காரர் என்றே கொள்ளலாம். விடுதி கிடைக்காத பதற்றத்தில் இருக்கும் மாணவரைக் குறிவைத்தே இத்தகைய விளம்பரங்கள் செப்டம்பரில் பெருகுகின்றன.

இனி முகவரிப் பதிவு. ஜெர்மானியர் இதை அன்மெல்டுங் என்பர். குடிபுகுந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியின் குடிமக்கள் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் பொருந்தும் விதியாதலால், அயலார் என்பதற்காக நம்மை நடத்தும் முறை என்று எண்ண வேண்டியதில்லை. பதிவுக்குக் கடவுச்சீட்டுடன் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற தாளும் தேவை. சொல்லின் நீளத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். "இன்னார் இன்ன நாள் முதல் இம்முகவரியில் குடியிருக்கிறார்" என்று வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்டுத் தரும் ஒற்றைத் தாள்தான் அது. சிக்கல் எங்கெனில், சுற்றுலாப் பயணியர் தங்குமிடங்களும் சில நாள் வாடகை அறைகளும் பொதுவாக இத்தாளைத் தருவதில்லை. மூன்று வாரம் அவற்றில் தங்கும் மாணவர் அந்த மூன்று வாரமும் பதிவின்றி, அதனால் வங்கிக் கணக்கின்றி இருக்க நேரும். ஆகவே தற்காலிக அறையானாலும், பதிவுக்கான தாளைத் தருவீர்களா என்பதையே முதற்கேள்வியாகக் கேட்க வேண்டும். அக்டோபரில் அலுவலகத்தில் முன்பதிவு கிடைப்பதும் அரிது. அறை உறுதியான அன்றே, இந்தியாவிலிருந்தே, இணையவழியில் நேரம் பதிந்துகொள்வது நன்று.

பதிவுப் படிவத்தில் சமயம் எது என்றொரு கேள்வி உண்டு. நம்மவர் இதைச் சாதாரணக் கேள்வியாகக் கருதி நிரப்பிவிடுவர். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்டு எனக் குறிப்பவர், பிற்காலத்தில் வருமான வரி கட்டும் நிலையை அடையும்போது அவ்வரியின் மீது தேவாலய வரியும் செலுத்த வேண்டிவரும். மியூனிக் அமைந்த பவேரிய மாநிலத்தில் அது வருமான வரியில் 8 விழுக்காடு. பொய் சொல்லுமாறு நாம் அறிவுறுத்தவில்லை. எழுதும் சொல்லின் பொருளை அறிந்து எழுதுக என்கிறோம்.

பதிவு முடிந்தபின் வாழ்க்கை கடிதங்களால் ஆனதாகிவிடும். வரி அடையாள எண், வங்கி அட்டை, அட்டையின் இரகசிய எண், காப்பீட்டு அட்டை யாவும் தனித்தனி உறைகளில் அஞ்சலில் வரும். ஜெர்மன் அஞ்சல்காரர் கதவு எண்ணைப் பார்த்துக் கடிதம் இடுவதில்லை; அஞ்சல் பெட்டியில் ஒட்டியுள்ள பெயரைப் பார்த்தே இடுகிறார். பெயர் இல்லையெனில் கடிதம் திரும்பிப் போய்விடும். இதில் தமிழருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாம் தந்தையின் பெயரை முன்னெழுத்தாகச் சுருக்கிக்கொள்பவர்கள். கடவுச்சீட்டிலோ குடும்பப்பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்கும். சு. கதிரவன் என்று ஊரில் அறியப்பட்டவர் அங்குத் 'திரு. சுப்பிரமணியன்' ஆகிவிடுவார், வரும் கடிதம் ஒவ்வொன்றும் தந்தையின் பெயருக்கே வரும். பெட்டியில் 'கதிரவன்' என்று மட்டும் ஒட்டினால் வங்கி அட்டை வந்து சேராது. இருபெயரையும் கடவுச்சீட்டில் உள்ளவாறே தெளிவாக எழுதி, குடிபுகுந்த அன்றே ஒட்டிவிட வேண்டும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் வெறுமையாக இருந்தால், பயணத்துக்கு முன்பே அதைச் சீராக்கிக்கொள்வது மேலும் நன்று. பல்கலைக்கழகம், காப்பீடு, வங்கி மூன்றும் ஒரே பெயரில் இருந்தால் பின்னாளில் விளக்கங்கள் எழுத வேண்டிவராது.

வரும் கடிதங்களுள் ஒன்று ஒலிபரப்புக் கட்டணம் கேட்பதாக இருக்கும். 2021-ல் மாதத்துக்கு 18.36 யூரோ என நிர்ணயிக்கப்பட்ட இக்கட்டணம், தொலைக்காட்சி இல்லாத வீட்டுக்கும் உண்டு. இது மோசடிக் கடிதமோ என ஐயுற்றுக் குப்பையில் இட்டவர் பலர்; அபராதத்துடன் மறு கடிதம் வரும்போதுதான் விழிப்பர். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும் என்பதால் பகிர்வு வீட்டில் உடனிருப்போருடன் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரவே இயலாது. முப்பது வயதுக்குட்பட்ட மாணவருக்கான அரசுமுறைக் காப்பீடு மாதம் 140 யூரோவைத் தாண்டும். இதைவிடக் குறைந்த விலையில் தனியார் காப்பீடு கிடைப்பதைக் கண்டு சிலர் மயங்குகின்றனர். தனியார் காப்பீட்டுக்காக அரசுமுறையிலிருந்து விலக்குப் பெற்றால், அப்படிப்பு முடியும் வரை மாணவராகத் திரும்பி வர வழியில்லை. மாதத்துக்கு ஐம்பது, அறுபது யூரோ மிச்சம் என்று தொடங்கிய ஒன்று, ஒரு பல் சிகிச்சையிலோ எலும்பு முறிவிலோ பெருஞ்செலவாக முடியக்கூடும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இப்போது மாதக் கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம். விடுவிக்கப்படும் தொகை 992 யூரோ. அறை வாடகை 750, காப்பீடு 145 எனக் கொண்டால் எஞ்சுவது 97 யூரோ. உணவு, பயணம், கைப்பேசி, புத்தகம் எல்லாம் அதற்குள் அடங்கா. விசாவுக்குப் போதுமென்று அரசு சொல்லும் தொகை ஜெர்மனி முழுமைக்கும் பொதுவானது. மியூனிக்கின் வாடகையை அது அறியாது. இதுவே மாணவர் நலக் கழகத்தின் விடுதி அறையாக இருந்து, வாடகை 400 யூரோ எனில், கையில் 447 யூரோ நிற்கும். வீட்டிலேயே சமைப்பவர் அதில் கௌரவமாக வாழலாம். விடுதிக் காத்திருப்புப் பட்டியல் பருவங்கள் கணக்கில் நீள்வதால், சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலேயே விண்ணப்பிப்பது அவசியம். விசா வரட்டும் என்று காத்திருந்து இழந்த இரண்டு மாதத்தை எந்த உதவித்தொகையாலும் ஈடுசெய்ய முடியாது.

'ஜெர்மனியில் கல்வி இலவசம்' என்ற சொல்லும் இன்று முழுமையாக உண்மையன்று. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் மாணவரிடம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் பெறுகிறது. இளநிலைக்குப் பருவத்துக்கு 2,000 முதல் 3,000 யூரோ. முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ. கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போது இதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

பற்றாக்குறையைப் பகுதிநேர வேலையால் நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் குடும்பங்களில் பரவலாக உள்ளது. 2024 மார்ச் முதல் அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். குறைந்தபட்ச ஊதியம் 2026 சனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. எண்கள் கவர்ச்சியானவையே. ஆயினும் வரி அடையாள எண் அஞ்சலில் வருவதற்கு முன் முறையான வேலையில் அமர்வது கடினம். ஜெர்மன் மொழி அறியாதவருக்கு வேலைகளின் வட்டமும் சுருங்கும். முதற்பருவத்தில் வேலை வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல் திட்டமிடுவதே விவேகம்.

இந்தியாவில் புறப்படும் முன் செய்யத்தக்கவற்றுள், நம் கிளைகளில் அடிக்கடி விடுபட்டுப்போகும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். எல்.ஆர்.எஸ். திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே டி.சி.எஸ். வரி வசூலிக்கப்படுகிறது. யூரோ ஒன்றுக்கு 100 ரூபாய் எனக் கொண்டாலும் முடக்கக் கணக்குத் தொகை 11.90 லட்சத்தைத் தொடுவதால், கட்டணம் ஏதுமில்லாத மாணவரின் குடும்பமும் அவ்வரம்பைக் கடந்துவிடும். வரையறுக்கப்பட்ட நிதி நிறுவனங்களில் பெற்ற கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் இவ்வரி இல்லை. விகிதம் நிதிநிலை அறிக்கையில் மாறக்கூடியதாகையால் அனுப்பும் நாளில் கிளையில் கேட்டறிக. இது இழப்பன்று, அனுப்பியவரின் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்யப்படும் அல்லது திரும்பக் கிடைக்கும். ஆகவே யாருடைய கணக்கிலிருந்து அனுப்புவது என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது. தாக்கல் செய்யும் வழக்கமே இல்லாத பாட்டியின் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டுப் பிறகு வருந்துவோரைக் கண்டிருக்கிறோம்.

மாணவர் படிப்புக்காக நாட்டை விட்டுச் சென்றதும், ஃபெமா சட்டத்தின் நோக்கில் அவர் வெளிநாடு வாழ் இந்தியராகவே கருதப்படுகிறார். 2003-லேயே ரிசர்வ் வங்கி இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே அவரது உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். உள்நாட்டில் வாழும் நெருங்கிய உறவினரை அதில் கூட்டாளியாகச் சேர்க்கவும் வழியுண்டு. இம்மாற்றத்தால் கல்விக்கடன் பாதிக்கப்படுவதில்லை. அடுத்தது வங்கி அட்டை. 2020 முதல் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளர்தாம் செயலியிலோ கிளையிலோ இயக்கிக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தில் இறங்கிய பின் இயக்க முனைந்தால், ஒருமுறைக் கடவெண் இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு வரும். அந்த எண்ணுக்கு ரோமிங் வசதி இல்லையெனில் அதுவும் வராது. இந்திய சிம் அட்டையை ரத்து செய்யாமல், குறைந்த கட்டணத் திட்டத்தில் உயிரோடு வைத்திருப்பது முதலாண்டில் இன்றியமையாதது.

பணமும் முகவரியும் ஒழுங்குபட்ட பின் நகரத்தின் அன்றாட வழக்கங்கள் ஒவ்வொன்றாய்த் தெரியவரும். பவேரியாவில் கடைகள் பொதுவாக இரவு 8 மணிக்கு மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. சனிக்கிழமை மாலைக்குள் பாலும் காய்கறியும் வாங்காதவர், மத்திய ரயில் நிலையத்தில் திறந்திருக்கும் சில கடைகளில் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதுதான். சுரங்க ரயிலில் நுழைவாயில் தடுப்புகள் இல்லை. எவரும் சீட்டைக் கேட்பதில்லை போலத் தோன்றும். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் திடீரென எழுந்து நிற்பார். சீட்டு இல்லையெனில் 60 யூரோ. தாளில் அச்சிட்ட சீட்டை வாங்கியும், நிலையத்திலுள்ள சிறு பெட்டியில் முத்திரையிடாமல் ஏறியவருக்கும் அதே 60 யூரோதான். மாணவருக்கான சலுகை மாதச்சீட்டு உண்டு. அதை எடுத்துவிட்டால் இக்கவலை இல்லை.

குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். மியூனிக்கின் நீர் ஆல்ப்ஸ் அடிவாரத்து மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து பெருமளவு வருவது. போத்தலில் வாங்கினால் போத்தலுக்கென 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்கப்படும். காலிப் போத்தலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் இட்டால் அது திரும்பக் கிடைக்கும். நசுக்கி எறிவது காசை எறிவதே.

சமையலறைக்கு வருவோம். மின்னழுத்தம் நம் நாட்டைப் போலவே 230 வோல்ட் ஆதலால் மிக்ஸி அங்கும் ஓடும். மூன்று முனைச் செருகிக்கு மட்டும் மாற்றுச் செருகி வேண்டும். ஆனால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலும் ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டிய நேரம். ஞாயிறு காலையில் தேங்காய்ச் சட்னி அரைத்தால் கீழ்வீட்டிலிருந்து கடிதம் வரலாம். சனிக்கிழமையே அரைத்து வைப்பவர் அமைதியாக உண்பார். குளிரில் இட்லி மாவு பொங்குவதில்லை என்பது எல்லாரும் சொல்லும் குறை. அடுப்புப் பெட்டியின் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவை அதற்குள் இரவு முழுதும் வைத்தால் பொங்கிவிடும்.

சமையல் நீராவியிடம் எச்சரிக்கை தேவை. குளிருக்கு அஞ்சிச் சன்னலை மூடியே வைத்துக் குக்கரில் சமைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கைவைப்பார்கள். நாளில் இருமுறையாவது சில நிமிடங்கள் சன்னலை முழுவதும் திறந்து வைப்பது அங்கு ஒழுக்கமாகவே கருதப்படுகிறது. வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுவாரும் உண்டு. குடிபுகும் நாளில் அறையின் ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து, ஒப்படைப்புக் குறிப்பில் எழுதச் செய்து, இருவரும் கையொப்பமிடுவது ஈராண்டுக்குப் பின் பெரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

நோய் வந்தால் நேரே மருந்துக் கடைக்குச் சென்று ஆன்டிபயாடிக் வாங்கும் நம் வழக்கம் அங்குச் செல்லாது. மருத்துவர் சீட்டு வேண்டும். உயிராபத்துக்கு 112, காவல்துறைக்கு 110. இரவிலோ விடுமுறையிலோ அவசரமல்லாத நோய்க்கு 116117 என்ற எண்ணில் மருத்துவரை நாடலாம்.

நவம்பர் வந்ததும் வேறொரு சோதனை தொடங்கும். திசம்பரில் மியூனிக்கில் மாலை நான்கரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு, அறையில் தனிமை. நன்றாகப் படித்துவந்த பிள்ளைகள் இக்காலத்தில் காரணம் சொல்லத் தெரியாமல் சோர்ந்துபோவதுண்டு. பெற்றோர் இதைச் சோம்பல் என்றோ, பணம் கட்டிய பின் பொறுப்பின்மை என்றோ எண்ணிக் கடிந்துவிடக் கூடாது. மாணவர் நலக் கழகத்தில் உளவியல் ஆலோசனை கிடைக்கும். அதை நாடுவது மதிப்பெண்ணிலோ விசாவிலோ பதியப்படும் குறையன்று.

அக்டோபர் இறுதி ஞாயிறு அன்று ஐரோப்பியக் கடிகாரம் ஒரு மணி பின்னே செல்லும். அதன்பின் இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நான்கரை மணி நேர வேறுபாடு. நம் ஊரில் இரவு 9 மணிக்கு அழைத்தால் அங்கு மாலை 4.30, இருள் சூழ்ந்து, பிள்ளை அறைக்குத் திரும்பும் நேரம். அழைப்பதற்கு அதுவே பொருத்தமான வேளை.